கெட்டுப்போச்சா, பூட்டியிருக்கா?

ஸ்ரேயஸ் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்
டோம்பிவிலி கிழக்கு
அனுப்பு எண் 9
ஜனவரி 17

நந்தூ,

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாய். குடுங்களாம். ஐம்பது வருஷமாக என்னை நீ, வா, போ என்று பேசிய வாய்க்கு, உன் கம்பெனி லிஃப்ட் நின்ற பிறகு மரியாதை வந்துவிட்டது. சரி, எழுத்திலேயே கொடுக்கிறேன். நகராட்சித் தபால் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு எழுதத் தெரியாதா? சொசைட்டி லெட்டர்பேடில், எண் போட்டு, நகல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்புறம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு எங்கள் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. இன்றுவரை அப்படியே நிற்கிறது. கயிறு அறுபடவில்லை, மோட்டார் புகையவில்லை. உள்ளே விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. யாராவது கால் வைத்தால் ஒரு பெண் குரல் மராட்டியில் இனிமையாக வரவேற்கக்கூடச் செய்கிறது. ஆனால் எந்த மாடிப் பொத்தானை அழுத்தினாலும் திரையில் "சேவைக்கு அழைக்கவும்" என்ற எழுத்தும் உன் கம்பெனி எண்ணும்தான் வருகின்றன. அழைத்தோம். "உங்களோட பராமரிப்பு ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஆமாம், நாங்கள்தான் முடித்துக்கொண்டோம். புகார் சொன்னால் ஒன்பதாம் நாள் ஒருவன் வந்து கதவு இடுக்கைத் துடைத்துவிட்டுப் போவான். அந்த அழகுக்கு எதற்கு ஒப்பந்தம் என்றுதான் போன ஜூனில் கல்யாணிலிருக்கும் மெக்கானிக் பிதளேயிடம் வேலையைக் கொடுத்தோம்.

பிதளே மூன்று நாள் மேலும் கீழும் ஏறி இறங்கிப் பார்த்தார். "மேடம், கயிறு, பிரேக், கதவு எல்லாம் நல்லா இருக்கு. மூளைப் பெட்டிதான் பேசமாட்டேங்குது. அதுகூடப் பேசணும்னா அவங்க கம்பெனிக் கருவியைச் சொருகணும். அதை எங்கேயும் விக்கமாட்டாங்க" என்றார். இருபத்தைந்து வருஷம் லிஃப்ட் வேலை பார்த்த மனுஷன், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஆறாவது மாடி மேதா சப்ரேயை உனக்குத் தெரியும். பழைய லிஃப்டை மாற்றிப் புதுசைத் திறந்த அன்று நீ ரிப்பன் வெட்டச் சொன்னது அவளைத்தான். சக்கர நாற்காலியில் தானே உள்ளே போய், தானே பொத்தானை அழுத்தி, ஆறாம் மாடி போய்த் திரும்பினாள். எல்லோரும் கைதட்டினோம். பத்து நிமிஷத் தூரத்திலுள்ள பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். மார்ச்சில் அந்தப் பிள்ளைகளுக்குப் போர்டு பரீட்சை. லிஃப்ட் நின்ற பிறகு இரண்டு நாள் நாலு ஆண்கள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். இரண்டாம் நாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அவள் தோள் சுவரில் இடித்தது. அதைவிட மோசம், யாரோ அதைப் படம் பிடித்துச் சொசைட்டி வாட்ஸப்பில் "நம்ம சொசைட்டி, நம்ம குடும்பம்" என்று போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் இறங்கவில்லை. மறுநாள் கதவைத் தட்டியவர்களிடம், "நான் வேலைக்குப் போறவ. பீரோ இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பொதுக்கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? அன்று இரண்டு லிஃப்ட்கள் முன்னால் இருந்தன. பிதளே கொண்டுவந்ததற்குப் பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். உன்னுடையது பளபளப்பு. எங்கள் துணைச் செயலாளர், ரயில்வேயில் ரிடையர் ஆன இரண்டாவது மாடிக் கோப்கர், எழுந்து உன்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: "நாளைக்கு உங்க கம்பெனி வரலைன்னா வேற ஆளு இதுல கை வைக்க முடியுமா?" நீ பதில் சொல்வதற்குள் நான் எழுந்தேன். "நந்தூ நம்ம ஆளு. அவன் இருக்கிறப்ப எதுக்கு வேற ஆளு?" என்றேன். கூட்டம் கையைத் தூக்கிவிட்டது. அப்படிச் சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

கருவியோடு ஒரு ஆளை அனுப்பு. உடனே.

வைஜயந்தி சோமண்
செயலாளர்

&nbsp;

நாக்பூர்
ஜனவரி 23

செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் அனுப்பு எண் 9 கிடைத்தது. லெட்டர்பேடில் வந்ததற்கு அந்த முறையிலேயே பதில் எழுதுகிறேன். உறைமேலும் "செயலாளர்" என்றுதான் எழுதியிருக்கிறேன். இனி அப்படித்தான் எழுதுவேன். தம்பி எழுதினான் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தங்கள் சங்கம் கடந்த ஜூனில் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வெளி ஆளைக் கை வைக்க விட்டிருக்கிறீர்கள். கதவு உணரியிலோ கட்டுப்பாட்டுப் பலகையிலோ பழுது இருக்கலாம். நேரில் சோதிக்காமல் எதுவும் சொல்வதற்கில்லை. பழுதான லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்பது பாதுகாப்புக்காகத்தான். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் இரண்டு நாளில் ஆள் வரும். விதிமுறை அதுதான்.

அவ்வளவுதான் எழுதுவதாக இருந்தேன்.

அக்கா, நீ செய்தது நியாயமா? அன்று போனில் என் பேச்சை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடவில்லை. "உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று நீ கத்தியது என் மேஜையைச் சுற்றி நின்ற நாலு பேருக்கும் கேட்டது. அதனால்தான் எழுத்தில் கேட்டேன். அவர்கள் எதிரில் "கொடு" என்று சொல்ல முடியாமல் "குடுங்க" என்றேன். அதையும் குத்திக் காட்டுகிறாய். ஜூனில் ஒப்பந்தத்தை விட்டபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நான் நாக்பூருக்கு வந்தபின் உங்கள் லிஃப்ட் என் கையில் இல்லை. தானே நகரத்து அலுவலகத்தின் கையில் இருக்கிறது. இங்கிருந்து நான் ஆள் அனுப்பினால் அங்கே இருப்பவன் என்னைக் கேட்பான்.

மேதாவின் தோள் இப்போது எப்படி இருக்கிறது?

நந்தகுமார் பர்வே
வட்டாரச் சேவை மேலாளர்

&nbsp;

அனுப்பு எண் 12
ஜனவரி 28

நந்தூ,

வட்டாரச் சேவை மேலாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நல்லது. மேலாளரிடமே பேசுகிறேன்.

உன் ஐந்து வருஷ ஒப்பந்தத்தை நேற்றுக் கூட்டத்தில் வரி வரியாகப் படித்தோம். ஏழாம் மாடியிலுள்ள மூளைப் பெட்டியை உங்கள் ஆள் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாதாம். திறந்தால் பொறுப்பு எங்களுடையதாம். வரைபடம் கேட்டால் தர மாட்டீர்களாம். கடவுச்சொல்லும் தர மாட்டீர்களாம். கட்டிடம் எங்களுடையது, கயிறு எங்களுடையது, ஏறி இறங்கும் காலும் எங்களுடையது, மூளை மட்டும் உங்களுடையதா? கோப்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இது நாம வாங்கின லிஃப்டா, இல்லை வாடகைக்கு எடுத்ததா?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. செயலாளரும் தம்பியும் ஏதோ தங்களுக்குள் பேசி முடிக்கிறார்கள் என்று நாலாவது மாடியில் பேச்சாம். எனக்கு வந்தது பார் கோபம். "லிஃப்ட் விஷயமா சொசைட்டிக்கு வர்ற ஒவ்வொரு தபாலும் பதிவேட்டுல ஏறணும், அன்னிக்கே அறிவிப்புப் பலகையில ஒட்டணும். என் தம்பி எழுதினதா இருந்தாலும் சரி" என்று நானே தீர்மானம் போட்டேன். உன் போன கடிதம் இப்போது அங்கேதான் தொங்குகிறது. நீ கடைசியில் எழுதியதை மடித்துவிட்டு ஒட்டினேன். அந்த அளவுக்கு இன்னும் அக்காதான்.

மேதாவைப் பார்க்கப் போனேன். தோள் பரவாயில்லை. வீட்டிலிருந்தே போனில் பாடம் எடுக்கிறாள், பாதிப் பிள்ளைகளிடம் போன் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி பதினைந்து வரை பொறுத்துக்கொள்கிறார்களாம். அதற்குள் வராவிட்டால் பத்தாம் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒன்பது வருஷமாக அவள் வாங்கி வைத்திருக்கிற வகுப்பு. ஒருமுறை கைமாறினால் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும்.

நான் உன் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "காகூ, இவ்வளவு வேணாம். உங்க தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. லிஃப்ட் கெட்டுப்போச்சா, பூட்டியிருக்கா? கெட்டுப்போச்சுன்னா காத்திருக்கேன். பூட்டியிருக்குன்னா, யாரோ என்னை உள்ளே வெச்சுப் பூட்டியிருக்காங்கன்னு அர்த்தம்" என்றாள்.

கேட்டுவிட்டேன். பதில் சொல்.

வைஜயந்தி சோமண்
செயலாளர்

&nbsp;

நாக்பூர்
பிப்ரவரி 4

அக்கா,

இதை நீ மட்டும் படி. படித்ததும் கிழித்துவிடு.

பூட்டித்தான் இருக்கிறது.

எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு எண்ணி இருக்கிறது. கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒன்று குறையும். எங்கள் ஆள் வந்து கருவியைச் சொருகினால் எண் மறுபடி ஏறும். ஒப்பந்தம் இல்லையென்றால் யாரும் வர மாட்டார்கள். எண் பூஜ்யத்துக்கு வந்ததும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நின்றுவிடும். பார்ப்பவர்களுக்குப் பழுது போலத் தெரியும். கம்பெனிப் பயிற்சியில் இதற்கு "நினைவூட்டல்" என்று பெயர். முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

கோப்கர் காகா அன்று கேட்டபோது எனக்கு இது தெரியும். நீ முந்திக்கொண்டு பேசியதும் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. உன்னைப் பொய் சொல்ல விட்டேன், அதுவும் உனக்கே தெரியாமல். பக்கத்திலேயே இருக்கிறேன், கருவி என் பையில் இருக்கிறது, எங்கள் அக்கா கட்டிடத்து லிஃப்டை நிற்க விடுவேனா என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எட்டு மாதத்தில் நாக்பூருக்கு மாற்றினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? நம்ம ஆளு என்று ஊரெல்லாம் சொன்னவளிடம், உன் ஆளு உன்னை விற்றுவிட்டான் என்றா?

கருவியை யாருக்கும் கொடுத்தனுப்ப முடியாது. அதைச் சொருகினால் யார், எந்த லிஃப்ட், எத்தனை மணி என்று மும்பைக்குப் போய்விடும். ஒப்பந்தம் இல்லாத லிஃப்டைத் திறந்தவனை அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருஷம் இங்கே உழைத்துவிட்டேன். இந்த வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள் சொல்.

நான் சொன்னதாகச் சொல்லாமல் பிதளேயிடம் இதைச் சொல். அவர் சொன்னது முழுக்கச் சரி. மோட்டார், கயிறு, கதவு, தண்டவாளம் எதையும் மாற்ற வேண்டாம். மூளைப் பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு யாரும் கை வைக்கக்கூடிய பெட்டியை மாட்டச் சொல். எதை வாங்கினாலும், மாட்டியவன் காணாமல் போனால் அடுத்தவன் வந்து பார்க்க முடியுமா என்று முதலில் கேள். உதிரிப் பாகம் கடையில் கிடைக்கிறதா என்று கேள். வரைபடத்தையும் கடவுச்சொல்லையும் எழுத்தில் உன் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதே. பெட்டி வந்து, மாட்டி, அரசாங்க ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட ஒன்றரை மாதமாவது ஆகும். மேதாவின் தேதிக்குள் ஆகாது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நந்தூ

&nbsp;

டோம்பிவிலி
பிப்ரவரி 9

நந்தூ,

மூளை கெட்டவனே. கிழித்துவிடு என்று உள்ளே எழுதிவிட்டு உறைமேல் என்ன எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "செயலாளர், ஸ்ரேயஸ் சொசைட்டி, பார்வை: தங்கள் அனுப்பு எண் 12." வீம்புக்கு ஆரம்பித்தாய், பழக்கமாகிவிட்டது.

செயலாளர் பெயருக்கு வரும் தபாலை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், துணைச் செயலாளர் பிரிக்கத்தான் வேண்டும். ஏழாம் தேதி நான் லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கோப்கர் பிரித்தார். முத்திரை குத்தினார். வரவு எண் 31. முதல் வரியில் "நீ மட்டும் படி" என்று இருந்ததே என்று கேட்டால், "செயலாளர்னு வந்தா சொசைட்டிக்கு வந்ததுதானே மேடம். அன்னிக்கே ஒட்டணும்னு தீர்மானம் போட்டது நீங்க" என்கிறார். நான் திரும்பி வந்தபோது உன் கையெழுத்து அறிவிப்புப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்புக்குப் பக்கத்தில். இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் போனில் படம் எடுத்து முடித்திருந்தார்கள்.

நான் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து அழுதேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீ அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாயே, அதற்கும்தான். "அப்பாடா என்று இருந்தது" என்று எழுதியிருக்கிறாய். நான் கூட்டத்தில் நின்று உனக்காகச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன், உனக்கு அப்பாடா என்று இருந்திருக்கிறது. படுபாவி.

இப்போது எல்லோரும் ஒரே பேச்சு. இந்தக் கடிதத்தை இணைத்து ஆய்வாளருக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் புகார் போனால் உன் கம்பெனி ஒரே நாளில் ஓடிவந்து திறக்கும். அது உண்மை. கடிதம் போனால் உன் வேலையும் போகும். அதுவும் உண்மை. செயலாளர் கையெழுத்து இல்லாமல் புகார் போகாது. நான் இன்னும் போடவில்லை.

ஆறாம் மாடிக்குப் போய் மேதாவிடம், "என் தம்பி வேலை போயிடும்மா" என்றேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைக்காமலே பேசினாள். "உங்க தம்பிக்கு வேலை போயிடுமோன்னு இப்ப அழறீங்க. ஒரு மாசமா எனக்கு வேலை போயிட்டிருக்கே காகூ, அதுக்கு யாரு அழுதீங்க? என்னைத் தூக்கறதுக்குத்தானே எல்லாரும் வந்தீங்க." படி இறங்கி வந்துவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் பதினைந்தாம் தேதிக்குமேல் அந்தப் பெண்ணின் முகத்தில் என்னால் விழிக்க முடியாது. என்ன செய்யச் சொல்கிறாய்?

அக்கா

&nbsp;

நாக்பூர்
பிப்ரவரி 16

அக்கா,

கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் கடிதத்தையும் இணை. பெயரை மறைக்காதே, மறைத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

லிஃப்ட் ஓடுவது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். பதினான்காம் தேதி மதியம் ஒன்றரை மணிக்கு நான்தான் வந்தேன். வாட்ச்மேனிடம் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினேன், சாவியைக் கொடுத்துவிட்டான். ஏழு மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது. ஒரு மாதமாக எல்லோரும் இப்படித்தான் ஏறுகிறார்கள் என்று நாலாவது மாடியில் உட்கார்ந்தபோது உறைத்தது. கருவியைச் சொருகினேன். என் பெயரைக் கேட்டது, என் பெயரையே கொடுத்தேன். ஒப்பந்தம் இல்லாத லிஃப்டுக்கு அதிகபட்சம் பத்தாயிரம் கதவுத் திறப்புதான் ஏற்ற முடியும். ஏற்றியிருக்கிறேன். உங்கள் கட்டிடத்து வழக்கத்துக்கு அது இருபத்தைந்து நாள் வரும். புதுப் பெட்டி வர அதற்குமேல் ஆகும். அதனால் கீழ் மாடிக்காரர்களை நடக்கச் சொல். பெட்டியின் திரையில் மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து அழுத்தினால் எத்தனை மிச்சம் என்று தெரியும்.

மும்பையில் அன்று மாலையே தெரிந்துவிட்டது. நேற்றுக் கருவியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஏன் திறந்தாய் என்று விசாரணை அதிகாரி கேட்டான், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். "பூட்டினது நாமதானே சார், அதான் திறந்தேன்" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பாய். ஐந்தாம் மாடியில் உன் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நீ யாரிடமோ போனில், "அவன் பேரை எடுக்காதீங்க, சொல்லிட்டேன், அவன் பேரை எடுக்காதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தாய். அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. லிஃப்ட் ஓட ஆரம்பித்தபின்னும் படியிலேயே இறங்கினேன். நான் ஏறினால் இரண்டு திறப்பு வீணாகும்.

நந்தூ

&nbsp;

டோம்பிவிலி
மார்ச் 24

நந்தூ,

இந்தக் கடிதத்துக்கு அனுப்பு எண் இல்லை. நகலும் இல்லை. உறைமேல் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஒரு மாதமாக ஏன் எழுதவில்லை என்றால், நீ சொன்னபடி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். ஆய்வாளர் இரண்டு தடவை வந்து எண்ணியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். உன் கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவர்கள் வக்கீல், "பயனாளர் பாதுகாப்புக்கான நினைவூட்டல்" என்று பதில் அனுப்பியிருக்கிறார். கோப்கர் அதற்கு வரவு எண் போட்டுவிட்டு, சிவப்பு மையால் அந்த வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். பூட்டினவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், திறந்தவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி காலை மேதா இறங்கினாள். யாரும் கூட வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லியனுப்பியிருந்தாள். அப்படியும் கீழே பத்துப் பேர் கூடிவிட்டோம். கதவு திறந்ததும் கோப்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "காகா, வழியை விடுங்க. முதல் மணி அடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். பத்தாம் வகுப்பு அவளிடமே இருக்கிறது. நாளையோடு பரீட்சை முடிகிறது.

உன் பத்தாயிரத்தைக் கட்டிக்காத்த கதையைக் கேள். மூன்றாவது மாடி வரை யாரும் லிஃப்ட் ஏறக் கூடாது, மேலே இருப்பவர்கள் நாலு பேராவது சேர்ந்தால்தான் ஏற வேண்டும் என்று தீர்மானம். மேதாவுக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கோப்கர் தினமும் காலையில் ஏழு மாடி ஏறி மிச்ச எண்ணைப் பார்த்து வந்து பலகையில் சாக்பீஸால் எழுதுவார். ஒரு நாள் நாலாவது மாடிக்காரர் காய்கறிப் பையோடு தனியாக ஏறிவிட்டார். "உங்க கத்தரிக்காய்க்கு ரெண்டு கதவா?" என்று வாசலில் வைத்துக் கேட்டார்கள். மறுநாளிலிருந்து படிதான். பாட்வா பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் பிதளே பழைய பெட்டியை அணைத்தபோது திரையில் இருநூற்றுப் பதினொன்று மிச்சம் இருந்தது. பெட்டி மாறும்வரை மேதா மூன்று நாள் தானே லீவு போட்டுக்கொண்டாள். "இது நானா எடுத்த லீவு" என்று அழுத்திச் சொன்னாள்.

புதுப் பெட்டி மாட்டியாகிவிட்டது. நேற்று ஆய்வாளர் கையெழுத்தும் போட்டுவிட்டார். வரைபடம் பெட்டிக் கதவின் உள்பக்கம் பையில் இருக்கிறது. கடவுச்சொல்லைக் கோப்கர் பதிவேட்டில் ஏற்றிவிட்டார், வரவு எண் 58.

வாங்குவதற்கு முன்னால் நடந்த பொதுக்கூட்டத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். யாரோ எழுந்து, "கேள்வியெல்லாம் எதுக்கு? பிதளே நம்ம ஆளுதானே" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் எழுந்தேன். "நம்ம ஆளுன்னு ஒருதடவை நான் சொல்லி நீங்க பட்டது போதும். பிதளே நல்லவர். அவர் நாளைக்கு வரலைன்னாலும், நாமளே அவரை வேணாம்னு சொன்னாலும் இந்த லிஃப்ட் ஓடணும். யாரையும் நம்பாம ஓடற லிஃப்ட்தான் வேணும். மனுஷங்களை நம்பறதை நாம வேற இடத்துல வெச்சுக்கலாம்" என்றேன். பிதளே தலையாட்டினார். "மேடம் சொல்றதுதான் சரி. நாளைக்கே பஸ்ல அடிபட்டுச் செத்தாலும் நீங்க மேல போகலாம்" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. பொதுக்கூட்டத்தில் நீ உட்கார்ந்திருந்ததை என்னால் இப்போதைக்கு மறக்க முடியாது. அது வேறு. பதினான்காம் தேதி என் வாசலை ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறாயே, அதைக் கேட்கிறேன். அன்று போனில் இருந்தது கோப்கர். புகாரில் உன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதில் உன் பெயரைச் சேர்க்கக் கூடாது என்றுதான் அவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். வேலை போய்விடுமே, அவன் பெயரை எடுக்காதீர்கள் என்று. நீ வாசலில் நின்று பாதியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இன்னொரு நிமிஷம் நின்றிருந்தால் மீதியும் காதில் விழுந்திருக்கும். சாப்பிட்டுவிட்டும் போயிருக்கலாம், அன்று கத்தரிக்காய்ச் சாதம், வாங்கி பாத், செய்திருந்தேன்.

பிதளே உன்னைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டார். பூட்டத் தெரிந்தவனுக்குத் திறக்கவும் தெரியும், கல்யாணில் இப்படி நின்றுபோன லிஃப்ட் நாற்பதாவது இருக்கும் என்கிறார். பெரிய மேஜையெல்லாம் கிடைக்காது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

இரண்டு திறப்பு வீணாகும் என்று படியில் இறங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். லிஃப்ட் கதவுக்குத்தானடா எண்ணி வைத்தீர்கள், என் வீட்டுக் கதவுக்கு யார் வைத்தது?

அக்கா